சொந்த ஊர் எது? (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் வேறொரு பதிலின் நடுவே 'ஜிப்சிகள்' என்று பலர் அழைக்கும் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். வீடும் வாக்கும் அவர்களிடமிருந்து ஒரே கையால் பறிக்கப்பட்டன என்பதுதான் அதன் சாரம். அந்த நான்கு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஓய்வூதியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோது ஒரு கடிதமும் வரவில்லை! ஆகவே இந்த இதழின் இடம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் இத்தாலியில் பாலெர்மோ நகரில் வேலை செய்கிறான். ஜிப்சிகள் ஊருக்கு வெளியே முகாம்களில் அழுக்கோடு இருக்கிறார்கள் என்றும், வீடு கொடுத்தாலும் தங்க மாட்டார்கள் என்றும், அலைவது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது என்றும் சொல்கிறான். பிறகு அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன பயன்?
– ஒரு தாய், கொழும்பு 13

பதில்: அம்மா, இந்த வாதத்தை நான் முதன்முதலில் கேட்டது இத்தாலியைப் பற்றியல்ல. அட்டனுக்குப் பக்கத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் கேட்டேன். "இவர்களுக்கு லயம்தான் பழக்கம், தனி வீடு கட்டிக் கொடுத்தால் அதில் மாட்டைக் கட்டுவார்கள்" என்று பெரிய கிளாக்கர் சொல்வார். லயம் என்ற அந்தத் தொடர் அறை வரிசையைக் கட்டியவர்கள் நாங்கள் அல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏழு பேரைப் படுக்க வைத்துவிட்டு, படுத்திருப்பவரின் சுபாவம் அது என்பது எவ்வளவு வசதியான பேச்சு!

இத்தாலியில் நடந்ததும் இதன் மறுபதிப்புத்தான். ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர்கள். 1990களில் யூகோஸ்லாவியா உடைந்தபோது போருக்குத் தப்பி இத்தாலிக்கு வந்த ரோமா குடும்பங்கள் ஊரில் வீட்டையும் வேலையையும் விட்டு வந்தவை. கூடாரத்தையே காணாத மனிதர்கள் அவர்கள். ஆனால் 1980களிலேயே இத்தாலியின் பல பிராந்திய அரசுகள் 'நாடோடிப் பண்பாட்டைப் பாதுகாக்க' என்று சட்டம் செய்து, அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே முகாம்களை அமைத்திருந்தன. 'நாடோடி முகாம்' என்பதே அவற்றின் அரசாங்கப் பெயர். வந்தவர்களையும், அங்கேயே பிறந்து இத்தாலியக் குடியுரிமை உள்ளவர்களில் பலரையும் அவற்றில் கொண்டுபோய் வைத்தார்கள். முதலில் பலகையில் 'நாடோடி' என்று எழுதினார்கள், பிறகு அந்தப் பலகைக்கு ஏற்ற ஆட்களை உள்ளே விட்டார்கள்.

2008இல் ரோம், மிலான், நேப்பிள்ஸ் நகரங்கள் அடங்கிய மூன்று பிராந்தியங்களில் 'நாடோடி அவசரநிலை' என்றே ஒன்று பிரகடனமானது. பெயரைக் கவனியுங்கள். வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் உரிய சட்டத்தை மனிதர்கள்மீது பாய்ச்சினார்கள். அது சட்டவிரோதம் என்று நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் 2011 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே ரோம் மாநகர சபை சம்பினோ விமான நிலையத்தின் அருகே லா பார்புத்தா என்ற புதிய முகாமைத் திறந்தது. சுற்றிலும் வேலி, ரோமாக்களுக்கு மட்டும். ஓர் இனத்தவரை மட்டும் இப்படி ஓரிடத்தில் குடிவைப்பதே பாகுபாடு என்று ரோம் நீதிமன்றம் ஒன்று 2015இல் சொன்னது.

மகன் சொல்லும் அழுக்கு உண்மையாகவே இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் பத்து நாடுகளில் நடத்திய ஆய்வில், ரோமாக்களில் 80 வீதமானோர் வறுமை விளிம்பில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை. குழாய் இல்லாத வீட்டுப் பிள்ளையின் சட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

மகனிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவன் பாலெர்மோவில் முதல் வீடு தேடியபோது எத்தனை கதவில் "ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்" என்றார்கள்?

கேள்வி: ரோமாக்களும் நம் நாட்டில் பாம்பாட்டிக்கொண்டு வரும் குறவர்களும் ஒரே இனமா?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இல்லை. பத்திரிகைகள் இரண்டு பேருக்கும் 'ஜிப்சி' என்ற ஒரே சட்டையை மாட்டிவிட்டன, அவ்வளவுதான். அந்தச் சட்டையும் இரவல். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணியதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது.

ரோமாக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பக்கத்திலிருந்து மேற்கே போனவர்கள். அதற்குக் கல்வெட்டுத் தேவையில்லை, அவர்கள் வாயைத் திறந்தால் போதும். மனிதனுக்கு 'மனுஷ்', தண்ணீருக்குப் 'பானி', மூக்குக்கு 'நக்'. எண்ணச் சொன்னால் 'துய், த்ரின்' என்று தொடங்கி ஐந்துக்குப் 'பாஞ்ச்' என்கிறார்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வந்ததும் 'எஃப்தா, ஒக்தோ, என்யா' என்று கிரேக்கத்துக்கு மாறிவிடுகிறார்கள். போன வழி எண்ணிக்கையிலேயே பதிந்துவிட்டது. எனக்கு இதில் தீராத வியப்பு. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதைப்போல நாக்கில் முத்திரை!

நம் நாட்டுக் குறவர்களின் வீட்டு மொழி தெலுங்கு. சிங்களத்தில் அவர்களை அஹிகுண்டிக்க என்பார்கள். தம்புத்தேகமவுக்கு அருகே குடாகமவிலும், அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையிலும் அவர்கள் குடியேறி நிலைத்திருக்கிறார்கள். அளிக்கம்பையில் பேச்சு இப்போது பெரும்பாலும் தமிழ்தான்.

ஆகவே இரத்த உறவு இல்லை. நடத்தப்படும் விதத்தில் உறவு உண்டு. 'குறவன்' என்பதை நாம் இன்னும் வசைச் சொல்லாகத்தான் வைத்திருக்கிறோம். ஐரோப்பாவில் ரோமாக்களைக் குறிக்கும் 'சிகான்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான்.

கேள்வி: ரோமாக் கொடியில் இந்தியக் கொடியைப்போல் சக்கரம் இருக்கிறதே, ஏன்?
– ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: 1971 ஏப்ரல் 8ஆம் திகதி இலண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு அதை ஏற்றது. மேலே வானத்து நீலம், கீழே புல்லின் பச்சை, நடுவே பதினாறு ஆரங்கள் கொண்ட சிவப்புச் சக்கரம். வண்டிச் சக்கரம் என்றும் சொல்லலாம், இந்திய மூலத்தின் நினைவு என்றும் சொல்லலாம். அந்த நாளே இப்போது உலக ரோமா தினம்.

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு கோடிக்கு மேல் ரோமாக்கள் இருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். ஒரு கோடி வாக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் அது அவர்களின் பிழையல்லவா? தேர்தல் வந்தால் ஒரு மூட்டை மாவுக்கு வாக்கை விற்கிறார்களாம்.
– ஓய்வுபெற்ற அதிபர், வெள்ளவத்தை

பதில்: சேர், முதலில் கணக்கைத் திருத்துவோம். ஒரு கோடி முதல் ஒரு கோடியே இருபது இலட்சம் வரை என்பது மக்கள்தொகை மதிப்பீடு. அதில் குழந்தைகளும் உண்டு. அது பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் கூட்டம். பத்து வீடு ஒரு தொகுதியில், இருபது வீடு இன்னொன்றில். இப்படித் தூவப்பட்ட வாக்கு எங்கேயும் முளைப்பதில்லை.

முளைத்த இடமும் உண்டு. 1963இல் மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயைப் பூகம்பம் உலுக்கிய பின் ரோமாக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய ஷூட்டோ ஒரிசாரி 1996இல் தனி நகர சபையானது. அங்கே நகர பிதா ரோமா, சபையில் பேசும் மொழிகளில் ஒன்று ரோமானி. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ மறைந்து முதல் தேர்தல் நடந்த 1977இலேயே ஹுவான் தே தியோஸ் ரமீரெஸ் எரேதியா என்ற ரோமா நாடாளுமன்றம் போனார். ருமேனியா ஒவ்வொரு சிறுபான்மைக்கும் ஓர் ஆசனம் ஒதுக்குகிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் 2011 கணக்கெடுப்பில் 6 இலட்சத்துக்கு மேல் இருந்த ரோமாக்களுக்கும் ஒன்று, சில ஆயிரம் பேரே உள்ள இனத்துக்கும் ஒன்று. நாற்காலி போட்டார்கள், சாப்பாட்டு மேசையிலிருந்து சற்றுத் தள்ளி.

இனி பொஸ்னியாவுக்கு வாருங்கள். 1995 சமாதான உடன்படிக்கையோடு வந்த அரசியலமைப்பு பொஸ்னியாக்கர், குரோவத், சேர்பியர் ஆகிய மூன்று இனத்தாரை நாட்டின் உரிமையாளர்களாக்கியது. மற்றவர்களுக்கு அது வைத்த பெயர் 'ஏனையோர்'. ஜனாதிபதிக் குழுவில் மூன்று இடம், மூன்று இனத்துக்கு. மேல்சபையும் அப்படியே. அந்த 'ஏனையோரில்' ஒருவரான யாக்கோப் பின்சி என்ற யூதர் தேர்தல் ஆணையகத்திடம், நான் போட்டியிடலாமா என்று கேட்டார். 2007 ஜனவரியில் பதில் வந்தது: நீங்கள் யூதர், ஆகவே முடியாது. மழுப்பல் கிடையாது, எழுத்திலேயே கொடுத்தார்கள். அவரும், அதே தடைக்கு உள்ளான தெர்வோ செய்திச் என்ற ரோமாவும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பர் 22ஆம் திகதி வென்றார்கள். அதன் பிறகு பத்தாண்டு கடந்தும் அரசியலமைப்பில் அந்த வரி மாறவில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த இரவு எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. 1947இல் அவர் வாக்களித்தார். அந்தப் பாராளுமன்றத்தில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஏழு பேர். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கையும் பறித்த தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது, 1952 தேர்தலில் ஏழு பூச்சியமாயிற்று. தாத்தா அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். தேர்தல் நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, வாக்களித்துவிட்டு வரும் பெரிய கிளாக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு வேட்டி என்று பாட்டி கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

மாவு மூட்டைக்கு வருகிறேன். ஆம், விற்கிறார்கள். கையில் வேறு என்ன இருக்கிறது? வீட்டுக்குப் பத்திரம் இல்லாதவருக்கு ருமேனியாவில் ஓராண்டுக்கு மட்டும் செல்லும் தற்காலிக அடையாள அட்டைதான். முகவரி இல்லையென்றால் நிலையான அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் ஒழுங்கான வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வீட்டுக்கு முற்பணம் இல்லை. இந்தச் செக்கைச் சுற்றி வருபவரிடம் தேர்தலுக்குத் தேர்தல் வந்து கை குலுக்குபவர், மாவை மட்டும் கொண்டுவருகிறார். உறுதிப்பத்திரத்தைக் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்துவிட்டால் அடுத்த முறை மாவுக்கு வேலையிருக்காதே! வாக்கை வாங்கியவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை, சேர்.

கேள்வி: நாங்கள் தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தோம். எங்களை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். ஒன்பதாவது மாடி. மாதத் தவணை கட்டுகிறோம், உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அப்பாவின் தள்ளுவண்டியை வைக்க இடமில்லை. நாங்களும் ரோமாக்களும் ஒன்றா?
– ஒரு மாணவன், தெமட்டகொடை

பதில்: தம்பி, ஒன்று என்று சொன்னால் இரண்டு பேருக்கும் அநியாயம் செய்தவளாவேன். வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: கொழும்பில் 'தோட்டம்' என்றால் தேயிலை அல்ல, ஒழுங்கைக்குள் நெருங்கிக் கிடக்கும் சிறு வீட்டு வரிசை.

ருமேனியாவின் குளூஜ் நகரில், நடுநகரத்தில் இருந்த கொஸ்தேய் தெருவிலிருந்து 2010 டிசம்பர் 17ஆம் திகதி எழுபத்தாறு ரோமாக் குடும்பங்களை அகற்றினார்கள். நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடுங்குளிரில். கொண்டுபோய் விட்ட இடம் பாத்தா ராத். அது நகரத்தின் குப்பைமேடு. சிலருக்குக் குளியலறையைப் பங்குபோடும் சிற்றறை, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. உங்களுக்கு நகரத்துக்குள்ளேயே சுவரும் குழாயும் உள்ள வீடு கிடைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் அடுக்குமாடி அல்ல, தள்ளுவண்டி. வீட்டைக் கணக்குப் போட்டவர்கள் சதுர அடியைப் பார்த்தார்கள். வண்டி நின்ற ஒழுங்கையையும், அந்த வண்டி கொண்டுவந்த சோற்றையும் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் பத்தலோவா வோதெனிட்சா என்ற இடத்தில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த ரோமாக்களை, அத்துமீறிக் குடியிருப்பவர்கள் என்று சொல்லி வெளியேற்ற உத்தரவிட்டார்கள். அந்த வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2012இல் சொன்னது இதுதான்: நிலம் அரசாங்கத்துடையதாக இருக்கலாம், ஆனால் இத்தனை காலம் வேரூன்றிய மக்களை எழுப்பும்முன் அவர்களுக்கு என்ன ஆகும் என்று எடைபோட வேண்டும். உங்கள் அப்பாவின் வண்டி அந்தத் தராசில் ஏறியிருக்க வேண்டிய பொருள்.

உறுதியைக் கேட்டு எழுதுங்கள். வாயால் கேட்காதீர்கள். ஒவ்வொரு தவணைப் பற்றுச்சீட்டையும் படியெடுத்து வையுங்கள். வெயிலில் மை மங்கிவிடும்.

கேள்வி: வெள்ளவத்தையில் என் வீட்டின் மேல்மாடி வாடகைக்கு இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம். சுத்தபத்தமான, சைவச் சமையல் உள்ள, நல்ல குடும்பத்தவர் வேண்டும் என்பது பாகுபாடா? இப்போது கிராம சேவகர் வந்து வாடகைக்காரர் பெயரையும் வாக்காளர் இடாப்பில் போடச் சொல்கிறார். போட்டால் வீட்டையே பிடித்துக்கொள்வார்களே?
– வீட்டுக்காரர், கொழும்பு 6

பதில்: இரண்டாவது கேள்வி சுலபம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இடாப்பில் பெயர் இருப்பது அந்த ஆள் அங்கே வசிக்கிறார் என்பதற்குச் சான்று. வீடு யாருடையது என்பதற்கு உறுதிதான் சான்று. வாடகைக்காரரைப் பாதுகாப்பது 1972 வாடகைச் சட்டம், அது இடாப்பைப் பார்த்து ஓடி வருவதில்லை. நீங்கள் பெயரைப் போடாவிட்டால் அவருக்கு வாக்கு இல்லை என்பதோடு முடியாது. பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனால் அங்கேயும் இடாப்பைத்தான் கேட்பார்கள். ஒரு கோட்டைப் பேனாவால் கீறி இரண்டு தலைமுறையை வெளியே நிறுத்துகிறீர்கள்.

முதல் கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1979இல், தட்டெழுத்து வேலைக்காகக் கொழும்பில் இருந்த நான், உங்கள் பகுதியில் ஓர் அனெக்ஸ் பார்க்கத் தரகரோடு போனேன். வீட்டு அம்மா அன்பானவர். கிணற்றைக் காட்டினார், மாமரத்தைக் காட்டினார், கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சொந்த ஊர் எது பிள்ளை?" என்றார். "அட்டன்" என்றேன். "அட்டனா? யாழ்ப்பாணத்தில் யாரும் இல்லையா?" "இல்லை." சாவி திரும்பக் கொத்தில் ஏறியது, கொத்து இடுப்பில் ஏறியது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "நேற்றே ஒருவர் பேசிவிட்டுப் போனார், இவர் வாங்கிய முற்பணத்தை நான்தான் மறந்துவிட்டேன்" என்றார். அடுத்த மாதமும் அந்தக் கதவில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. அவரை நான் இப்போது வெறுக்கவில்லை. அவரும் நாலு வருடத்துக்குப் பின், 1983 ஜூலையில், அந்த மாமரத்தடியைவிட்டு ஓட வேண்டியதாயிற்று என்று தரகர் சொன்னார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைக் 'காரணமின்றித் தங்கியிருப்பவர்கள்' என்று பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியதே, அன்றும் அவரைத்தான் நினைத்தேன். ஊரைக் கேட்டுக் கதவைச் சாத்துபவர், தன்னிடமும் யாராவது ஊரைக் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எனக்குக் கடைசியில் இடம் கொடுத்தவர் கொம்பனித்தெருவில் ஒரு மலாய்க்கார விதவை. ஊரைக் கேட்கவில்லை. "கருவாடு பொரிப்பீர்களா?" என்று கேட்டார். அதுவும் ஒரு சோதனை என்று எண்ணி, "இல்லை" என்று பொய் சொன்னேன். "அது என்ன சாப்பாடு!" என்று அவர் முகம் விழுந்துவிட்டது. 1988 சட்டத்தில் எனக்குக் குடியுரிமை கிடைத்ததும் இடாப்புப் படிவத்தில் என் பெயரைத் தன் கையால் எழுதியவரும் அவரே. எழுத்து நடுங்கி, என் பெயரில் ஓர் எழுத்துத் தவறு. அந்தத் தவறோடுதான் 1994 ஓகஸ்டில் என் முதல் வாக்கைப் போட்டேன், நாற்பத்திரண்டு வயதில். என்னைவிட ஒரு மணி நேரம் முந்தியே அவர் வரிசையில் போய் இடம் பிடித்திருந்தார்.

ஆகவே, ஐயா, சைவச் சமையல் வேண்டும் என்பது உங்கள் மூக்கின் விருப்பம், அதில் எனக்கு வழக்கில்லை. 'நல்ல குடும்பம்' என்பதற்குள் எந்தெந்த ஊர் அடங்கும் என்பதை மட்டும் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

மேல்மாடி இன்னும் காலியாக இருந்தால் பத்திரிகை முகவரிக்குத் தெரிவியுங்கள். என் அண்ணன் மகளுக்குக் கொழும்பில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது, வீடு தேடுகிறாள். முற்பணம் தயாராக இருக்கிறது. ஊர் அட்டன். கருவாடு பொரிப்பாள்.